கழுவிய பிறகு பார்த்த என்ஜின்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று என் மனைவி ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். பொய் இல்லை. ஆனால் எனக்குப் பயம் எங்கே இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. இன்றைக்கும் விரலில் பட்ட ஈரம் சில்லென்று காய்ந்தால் கையை வெடுக்கென்று உதறிவிடுகிறேன். சாராய வாசனை அடிக்கிற பஞ்சை நர்ஸம்மா கையில் தேய்த்தால்கூடத்தான். ஊசிக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அந்தம்மா சிரிக்கும். சிரிக்கட்டும்.

திருவாரூரில் தஞ்சாவூர் ரோட்டில் எனக்கு ஒரு பட்டறை இருந்தது. பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. வளைகுடாவில் இருபது வருஷம் கார் மெக்கானிக்காக வெந்துவிட்டு வந்து போட்ட பட்டறை அது. அங்கிருந்து வருகிறவர்கள் பெட்டியில் போர்வையும் செண்டு பாட்டிலும் கொண்டுவருவார்கள். நான் ஒரு ஸ்கேனர் கொண்டுவந்தேன். செங்கல் பருமனுக்கு ஒரு பெட்டி, ஒரு ஒயர், நாலு வரி தெரிகிற கண்ணாடி. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்கும், அதில் செருகினால் வண்டிக்கு என்ன சீக்கு என்று ஒரு நம்பர் காட்டும். கார்பரேட்டர் வண்டிகள் போய்க் கம்ப்யூட்டர் வைத்த வண்டிகள் எங்கள் பக்கம் வர ஆரம்பித்திருந்த காலம். என்ஜினில் கோளாறு என்று டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தால் மற்ற பட்டறைக்காரர்கள் பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டுவார்கள், விளக்கு அணையும், மூணு நாளில் மறுபடி எரியும். என்னிடம் ஸ்கேனர் இருக்கிறது என்ற திமிரில் நான் அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

என் மகள் நர்ஸிங் முடித்துவிட்டு, நான் எந்த ஊரை விட்டு வந்தேனோ அதே ஊருக்கு வேலைக்குப் போகிறேன் என்று நின்றாள். அவள் பிறந்தபோது நான் அங்கே இருந்தேன். அவள் கோயிலில் முதல் நற்கருணையாகப் புதுநன்மை வாங்கியபோதும் அங்கேதான். வெள்ளைக் கவுனில் அவள் நின்ற போட்டோ தபாலில் வந்தது, கேம்ப் ரூமில் கட்டிலுக்கு மேலே ஒட்டிவைத்திருந்தேன். போட்டோவில் பார்த்த பிள்ளையோடு இப்போதுதான் ஒரே வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன், அதற்குள் விசா வந்துவிட்டது. இதை இப்படிச் சொல்லத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். நான் சொன்னது வேறு.

"போறவ போகட்டும். ஏர்போர்ட்டுக்கெல்லாம் நான் வரமாட்டேன்."

"வராட்டி போங்க. அடம் பிடிக்கிறதுல அப்பனும் மவளும் ஒண்ணுதான்," என்றாள் மனைவி. அவள் மகளைத் திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போக எங்கள் தெரு டீச்சரின் காரைப் பேசிவிட்டாள்.

டீச்சர் கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தார். வீட்டுக்காரர் சிங்கப்பூரில். அவர் வாங்கிக் கொடுத்த பெட்ரோல் காரை ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான்தான். பாடம் என்றால் கெடுபிடியான பாடம். "வண்டி ஓட்டும்போது போனைத் தொட்டீங்கன்னா சாவியைப் புடுங்கிருவேன் டீச்சர்," என்று மிரட்டியிருக்கிறேன். அன்றிலிருந்து அவர் காரில் ஏறியதும் போனைக் கைப்பையில் போட்டு, பையைப் பின்னால் டிக்கியில் வைத்துப் பூட்டிவிடுவார். அவ்வளவு ஒழுங்கு.

பயணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் டீச்சர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"அண்ணே, ரெண்டு நாளா இந்த மஞ்ச லைட்டு எரியுது. வண்டி ஏத்தத்துல கொஞ்சம் இழுக்க மாட்டேங்குது. நாளைக்கு உங்க பொண்ணு போற வண்டி, பாத்துக் குடுங்க."

தை மாசம். சுற்றிலும் அறுப்பு முடிந்துகொண்டிருந்தது. டீச்சர் வீடு வயலை ஒட்டி, கார் நிற்கிற ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைக்குப் பக்கத்திலேயே வைக்கோல் போர். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன.

நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? கழுவினேன். எங்கள் பக்கத்தில் நல்ல காரியத்துக்குப் போகிற வண்டியைக் கழுவாமல் அனுப்பமாட்டோம். கல்யாணமோ வேளாங்கண்ணியோ ஏர்போர்ட்டோ, வாட்டர் சர்வீஸ் போட்டு, பானெட்டைத் திறந்து என்ஜினுக்கு டீசல் அடித்து, மறுபடி தண்ணீர் பீய்ச்சி, என்ஜின் பளபளவென்று நின்றால்தான் பட்டறைக்காரனுக்கு மரியாதை. மகளுக்கு நான் அன்றைக்கு வேறு எதுவும் செய்யவில்லை. அவள் பெட்டியைக் கட்டிக்கொடுக்கவில்லை, அவளோடு பேசவில்லை. அந்த என்ஜினைக் கழுவினேன். சந்து பொந்தெல்லாம் பீய்ச்சி, ஒரு மணி நேரம் கழுவினேன். பார்த்துவிட்டுக் கழுவியிருக்க வேண்டும். கழுவிவிட்டுப் பார்த்தேன்.

பிறகு ஸ்கேனரைச் செருகினேன். பி-0171 என்று காட்டியது. லீன். அதாவது என்ஜினுக்குள் போகிற கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. அந்த நம்பரை வளைகுடாவில் நூறு தடவை பார்த்திருக்கிறேன். அங்கே எப்போதும் ஒரே கதைதான்: காற்றை அளக்கிற சென்சாரில் மணல் படிந்திருக்கும், இல்லையென்றால் வெயிலில் காற்றுக் குழாய் வெடித்திருக்கும். சென்சாரைக் கழற்றி ஸ்ப்ரே அடித்துத் துடைத்து மாட்டினேன். குழாயைத் தடவிப் பார்த்தேன், வெடிப்பு இல்லை. அந்தக் கோளாறு நம்பரை ஸ்கேனரில் அழித்தேன். விளக்கு அணைந்தது.

அத்தோடு விட்டிருந்தால் முட்டாள் என்று சொல்லலாம். நான் விடவில்லை, அதனால்தான் என்னை என்ன சொல்வது என்று தெரியவில்லை. என்ஜினை ஓடவிட்டு ஸ்கேனரில் ஓடுகிற நம்பரைப் பார்த்தேன். பெட்ரோல் போதவில்லை என்று கம்ப்யூட்டருக்குத் தோன்றினால் தானாகக் கூடுதலாக ஊற்றும். எத்தனை சதவீதம் கூடுதல் என்பதை அந்த நம்பர் சொல்லும். நாலைந்துக்குள் நின்றால் வண்டி சுகம். பதினெட்டில் நின்றது. ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். காற்றுக் கசிவாக இருந்தால் மிதிக்க மிதிக்க நம்பர் இறங்க வேண்டும். பெட்ரோல் வரத்தில் கோளாறு இருந்தால்தான் ஏறும். ஏறியது. இருபது, இருபத்திரண்டு, இருபத்தைந்து.

அந்த நேரம் பார்த்து மகள் டீயோடு வந்து நின்றாள்.

"அப்பா, கடைசியா கேக்குறேன். வர்றீங்களா, இல்லையா?"

"என்னைக் கேட்டுட்டா விசா எடுத்தே?"

"அதுக்கு இது பதிலா?"

"இதான் பதில். போய் வேலையப் பாரு."

டீயை ஸ்டூலில் நங்கென்று வைத்துவிட்டுப் போனாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஸ்கேனரைப் பிடுங்கிப் பெட்டியில் போட்டேன். இருபத்தைந்து என்ற நம்பர் கண்ணுக்குள் போனது, மண்டைக்குள் போகவில்லை. சென்சார் புதுசாகத் துடைத்தது, கொஞ்சம் ஓடினால் சரியாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பட்டறை வாசலிலேயே பெட்டிகளை ஏற்றினார்கள். டீச்சர் என்ஜினை ஓடவிட்டிருந்தார். மனைவி ஜெபம் சொல்லி எல்லார் நெற்றியிலும் சிலுவை போட்டாள். நான் வேறொரு வண்டியின் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். "போயிட்டு வர்றேன்பா," என்று மகளின் குரல் பின்னால் கேட்டது. "ம்," என்றேன். நிமிரவில்லை. கார் போன சத்தம் கேட்ட பிறகுதான் நிமிர்ந்தேன்.

இருபது நிமிஷம் கழித்து என் செல்போன் அடித்தது. மகள் நம்பர். வரச்சொல்லிக் கெஞ்சப்போகிறாள், இல்லை குத்திக்காட்டப்போகிறாள் என்று நினைத்துக் கட் பண்ணினேன். உடனே மறுபடி அடித்தது. மறுபடி கட் பண்ணினேன். அதற்கப்புறம் அடிக்கவில்லை.

கோபத்தில் சும்மா நிற்க முடியாது எனக்கு. வாட்டர் சர்வீஸ் குழியில் தண்ணீர் போகிற வாயில் ஒரு கம்பிச் சல்லடை வைத்திருப்பேன். அடைத்துக்கிடந்தது, அள்ளிப் போடலாம் என்று குனிந்தேன். முதலில் வந்தது வைக்கோல். சின்னச் சின்னதாகக் கத்தரித்த வைக்கோல். அப்புறம் ஒரு பிடி நெல். அதற்கு நடுவே கறுப்பு ரப்பர்த் துணுக்குகள். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஓரமெல்லாம் பல் தடம்.

எலி. அறுப்பு முடிந்ததும் வயல் எலிக்கு ஒண்ட இடம் இல்லை, கொட்டகையில் சூடாக ஒரு என்ஜின் நிற்கிறது, பக்கத்தில் வைக்கோல், போய்க் கூடு கட்டியிருக்கிறது. நான் தண்ணீர் பீய்ச்சி அந்தக் கூட்டையும் புழுக்கையையும் துப்புரவாகக் கழுவிவிட்டு, அப்புறம் என்ஜினைப் பார்த்து எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று மெச்சிக்கொண்டேன். வளைகுடாவில் எலி கடித்த என்ஜினை நான் பார்த்ததே இல்லை. இது வளைகுடா இல்லையே.

சரி, கைக்கு எட்டாத காற்றுக் குழாய் எதையாவது கடித்திருக்கும், வண்டி கொஞ்சம் திணறும், அவ்வளவுதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டே கார் நின்ற இடத்துக்கு வந்தேன். தரையில் வேஸ்ட் துணி ஒன்று நனைந்து கிடந்தது. முன்சக்கரங்களுக்கு நடுவே, காலையில் என்ஜின் ஓடிக்கொண்டிருந்த இடத்துக்கு நேர் கீழே. டீசல்தான் என்று எடுத்தேன். பட்டறை முழுக்க நேற்று அடித்த டீசல் வாடை, வேறு எந்த வாடையும் மூக்குக்கு எட்டாது. துணியைப் பிழிந்தேன். டீசல் என்றால் விரலில் வழவழவென்று நிற்கும். இது நிற்கவில்லை. சில்லென்று குளிர்ந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல் காய்ந்தது.

பெட்ரோல்.

அப்போதுதான் அந்த இருபத்தைந்து மண்டைக்குள் வந்து உட்கார்ந்தது. காற்று கூடவில்லை, பெட்ரோல்தான் வந்து சேரவில்லை. வழியில் வெளியே போகிறது. கடித்தது பெட்ரோல் குழாயை. மிதிக்க மிதிக்க அது சூடான என்ஜின் மேல் பீய்ச்சிக்கொண்டிருக்கும். அந்த வண்டியில் என் மனைவி, என் மகள், பாவம் டீச்சர்.  

மகள் நம்பருக்கு அடித்தேன். சுவிட்ச் ஆஃப். டீச்சர் நம்பருக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. டிக்கிக்குள், கைப்பைக்குள், நான் மிரட்டி வைத்த இடத்தில் அது அடித்துக்கொண்டிருந்தது. மனைவியிடம் போன் கிடையாது. பட்டறையைப் பூட்டக்கூட இல்லை. பைக்கை எடுத்தேன்.

அந்த ரோட்டில் நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அன்றைக்குப் போனதுபோல் போனதில்லை. மாதாவே மாதாவே என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு போனேன். நானாக ஜெபம் சொல்லி வருஷக்கணக்காகியிருந்தது. கொரடாச்சேரி தாண்டியதும் ரோடெல்லாம் கதிர் பரப்பியிருந்தார்கள். அறுப்புக் காலத்தில் நடக்கிறதுதான். ரோட்டில் போட்டால் போகிற வண்டிகள் ஏறி ஏறி நெல் உதிரும், களத்து வேலை மிச்சம். முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த நெல் தாள். காரின் வயிற்றில் அது சுருட்டிக்கொள்ளும், சூடான புகைக் குழாயில் ஒட்டும். தாள் சிக்கித் தீப்பிடித்த வண்டிகளைப் பற்றி நானே டீக்கடையில் உட்கார்ந்து கதை சொல்லியிருக்கிறேன். பெட்ரோல் ஒழுகாத வண்டிக்கே அந்தக் கதி.

தூரத்தில் ரோட்டுக்கு இடது பக்கம் புகை தெரிந்தது. கரும்புகை இல்லை, வெள்ளையாகத்தான். ஆனால் எனக்கு நிறம் தெரியவில்லை. கை ஆக்ஸிலேட்டரைத் திருகிக்கொண்டிருக்கிறது, கால் பிரேக்கைத் தேடுகிறது. போவதா நிற்பதா என்று உடம்புக்கே தெரியவில்லை. பார்க்கக்கூடாது என்று நினைத்தேன், ஆண்டவரே, நான் பார்க்கக்கூடாது. கிட்டே போனால் ஒரு ஆள் வரப்பில் குந்தி வைக்கோல் கூளத்தைக் கொளுத்திக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துப் பயந்து எழுந்துவிட்டார்.

"என்னங்க, என்னாச்சுங்க?"

"வெள்ளைக் கார் ஒண்ணு போச்சா? பொம்பளை ஓட்டிக்கிட்டு?"

"போச்சுங்க, ரொம்ப நேரம் ஆச்சே."

போச்சு என்ற வார்த்தை ஒரு நிமிஷம் என்னைக் கொன்றது.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டைத் திட்டாத டிரைவர் எங்கள் ஜில்லாவில் கிடையாது. ஒரு தடவை மூடினால் ரயில் என்ஜினைக் கழற்றுவார்கள், திருப்பி மாட்டுவார்கள், பெட்டியைச் சேர்ப்பார்கள், ரோட்டில் நிற்கிறவனுக்கு வயசாகிவிடும். நானும் திட்டியிருக்கிறேன், கெட்ட வார்த்தையில். அன்றைக்குக் கேட் மூடியிருந்தது. பஸ்ஸும் லாரியும் நெல் மூட்டை டிராக்டரும் வரிசை கட்டி நின்றன. சந்தில் பைக்கை விட்டு ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டே போனேன். கேட்டுக்குப் பத்து வண்டி முன்னால் நின்றிருந்தது அந்த வெள்ளைக் கார். முழுசாக. பளபளவென்று.

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, ஏசிக்காக. பின் கண்ணாடியை இறக்கிவிட்டு என் மனைவி கடலை வாங்கிக்கொண்டிருந்தாள். கடலை வண்டிக்காரர் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் தள்ளுவண்டியை நிறுத்தி, அடுப்பில் கரித் துண்டு கணகணவென்று எரிய, சட்டியில் டங் டங் என்று தட்டிக்கொண்டிருந்தார். காருக்குக் கீழே ரோட்டில் கறுப்பாக ஒரு ஈரம். அது கடலை வண்டி நின்ற பக்கமாகத்தான் சரிந்து ஓடிக்கொண்டிருந்தது.

பைக்கை அப்படியே கீழே போட்டேன். "தள்ளுய்யா! வண்டியத் தள்ளு!" என்று கத்தி, நானே தள்ளுவண்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். கடலை சிதறியது. "யோவ், பைத்தியமா ஒனக்கு?" என்று அவர் துரத்திக்கொண்டு வந்தார். பத்தடி தள்ளிப் போய் நிறுத்திவிட்டுத் திரும்பி ஓடிவந்து டீச்சர் கதவைத் திறந்தேன்.

"ஆஃப் பண்ணுங்க! சாவியத் திருப்புங்க! எறங்குங்க, எல்லாரும் எறங்குங்க!"

இறங்கினார்கள். மனைவி முகமெல்லாம் சிரிப்பு. கையில் கடலைப் பொட்டலம்.

"நான் சொன்னேன்ல," என்று மகளை இடித்தாள். "அப்பாவுக்கு மனசு கேக்காது, பின்னாடியே ஓடிவந்துருவாருன்னு. பாத்தியா?"

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது.  ரோட்டில் குப்புறப் படுத்து வண்டிக்கு அடியில் பார்த்தேன். புகைக் குழாயைச் சுற்றி ஒரு பிடித் தாள், ஓரம் கருகி. அதற்கு ஒரு சாண் தள்ளிச் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது பெட்ரோல். ஒரு சாண். கையால் அளந்து பார்த்தேன். எதற்கு அளந்தேன் என்று தெரியவில்லை.

எழுந்து விஷயத்தைச் சொன்னேன். டீச்சர் அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார். விரட்டிக்கொண்டு வந்த கடலைக்காரர்தான் நாலு பேரைக் கூப்பிட்டு, வண்டியைக் கையாலேயே ஓரம் தள்ளி, மண்ணை அள்ளி அள்ளி ஈரத்தில் போட்டார். மனைவியின் கையிலிருந்த பொட்டலம் எப்போது கீழே விழுந்ததோ தெரியவில்லை.

"லைட் மறுபடி எரிஞ்சிச்சுப்பா," என்றாள் மகள், மெதுவாக. "கொரடாச்சேரி வர்றதுக்கு முன்னாடியே. டீச்சர் ஓரமா நிறுத்திட்டு, அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேளுன்னாங்க. அதுக்குத்தான் கூப்பிட்டேன். நீங்க கட் பண்ணுனீங்க. திரும்பக் கூப்பிட்டேன். அதையும் கட் பண்ணுனீங்க. எனக்குக் கோவம், போனை ஆஃப் பண்ணிட்டேன். பயப்படுற மாதிரி இருந்தா அப்பா எடுத்திருப்பாரு, ஒண்ணும் இருக்காது, போலாம்னு நான்தான் டீச்சர்கிட்ட சொன்னேன்."

பயப்படுகிற மாதிரி இருந்தால் அப்பா எடுத்திருப்பார். அவள் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். ரோட்டில் அத்தனை பேர் பார்க்க நான் அழுதேன்.

கேட் திறந்தது. எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன. டீச்சரைத் தனியாக விட முடியாது, ஒழுகுகிற வண்டியை விட்டுவிட்டு நான் நகர முடியாது. வரிசையில் நின்ற தஞ்சாவூர் பஸ்ஸில் பெட்டிகளை ஏற்றி, மனைவியையும் மகளையும் ஏற்றிவிட்டேன். தஞ்சாவூரில் மாறித் திருச்சி போய்விடலாம், நேரம் இருந்தது. வரமாட்டேன் என்று நேற்று வீறாப்பாகச் சொன்னவன், போகவேண்டும்போல் இருந்தபோது போக முடியாமல் நின்றேன். அவள் நெற்றியில் சிலுவை போடக் கையைத் தூக்கினேன். கையெல்லாம் பெட்ரோல். இறக்கிக்கொண்டேன். அவளே என் கையைப் பிடித்து இழுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

பஸ் நகர்ந்த பிறகு ஜன்னலிலிருந்து தலையை நீட்டினாள்.

"அப்பா, இனிமே நான் கூப்பிட்டா எடுங்கப்பா."